புல் என்றேன், கொம்பு என்று கேட்டது!

விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகிற பாசஞ்சர் ரயில் திண்டிவனத்தைத் தாண்டும்போது, மார்கழி மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அப்படி ஒரு விடியற்காலையில் ஒலக்கூரில் ஏறிய பெண் ஒருத்தி எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டைப் பிரித்து வைத்து 'ப' எழுதினாள். அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். மறுபடி ஒரு ப, மறுபடி ஒரு கோடு. பக்கம் முழுக்க வயிற்றில் கோடு விழுந்த ப.

"என்னம்மா, எல்லாத்தையும் அடிச்சிட்டே வர்ற?"

"அடிக்கல சார், எழுதறேன். கொரியன். நம்ம 'ப' குறுக்க ஒரு கோடு போட்டா அவங்களுக்கும் 'ப'தான். ஆனா இதப் பாருங்க, நம்ம 'ட' மாதிரியே இருக்குல்ல? இது அவங்களுக்கு 'ந'."

செங்கல்பட்டு வருவதற்குள் என் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. வகுப்புக்கு எங்கேயும் போனதில்லை. எல்லாம் செல்போனில் பார்த்ததுதான். அந்த நோட்டைப் பார்த்த ஜோரில்தான் நானும் சென்னையில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரே மாணவன் நான்தான்.

கொரிய எழுத்தை 1443-இல் உருவாக்கி 1446-இல் மக்களுக்கு அறிவித்தவர் செஜோங் என்ற அரசர். சீன எழுத்தைப் படிக்க வசதியில்லாத குடியானவனும் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். மெய் 14, உயிர் 10. மெய்யெழுத்தின் வடிவமே அதை உச்சரிக்கும்போது நாக்கும் உதடும் நிற்கிற நிலையைக் காட்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்தால் ஓர் அசை. இதை ஆசிரியை அரை மணி நேரம் விளக்கத் தயாராக வந்திருந்தார். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் "உயிர்மெய் மேடம்" என்றான். விளக்கம் அதோடு முடிந்தது.

இன்னொரு சலுகையும் நமக்கு உண்டு. தமிழில் 'க' ஒன்றுதான். 'காகம்' என்பதில் முதல் 'கா' அழுத்தமாக வருகிறது, நடுவில் வரும் 'க' குழைந்துவிடுகிறது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, வாய் தானாகச் செய்கிறது. கொரிய மொழியின் சாதாரண க, த, ப மூன்றும் இதே விதிப்படிதான் நடக்கின்றன. இறைச்சிக்கு அவர்கள் சொல் 'கோகி'. தமிழில் எழுதி வாசித்தாலே ஏறக்குறைய சரியாக வந்துவிடும். ஆங்கில எழுத்தில் படிக்கிறவர்கள் கே-யா ஜி-யா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தெம்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

தமிழும் கொரியனும் உறவு என்ற பேச்சு நம் பக்கத்தில் பலமாக உண்டு. அப்பாவுக்கு அப்பா, நாளுக்கு நால், புல்லுக்கு புல் என்று பட்டியல் போடாத தமிழ் ஆர்வலர் இல்லை. அம்மாவுக்கு அவர்கள் சொல்வது 'ஒம்மா'. இதை மட்டும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகாதீர்கள், அடி விழும். வகுப்பில் ஒருநாள் ஆசிரியை, தெரிந்த கொரியச் சொல் ஏதாவது சொல்லுங்கள் என்றார். நெஞ்சை நிமிர்த்தி "புல்" என்றேன். அவர் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் தலைக்கு மேல் நட்டு, மாடு முட்டுவதுபோல் காட்டினார். நான் சொன்னது அவர் காதில் 'கொம்பு' என்று விழுந்திருக்கிறது.

விஷயம் இதுதான். நமக்கு ஒரே 'ப' கேட்கிற இடத்தில் அவர்களுக்கு மூன்று உண்டு: சாதாரணமானது, காற்றை ஊதிச் சொல்வது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. முதல் வகையில் 'புல்' என்றால் நெருப்பு. ஊதிச் சொன்னால் புல். இறுக்கிச் சொன்னால் கொம்பு. தமிழ் வாயில் வருகிற 'ப' ஊதாத ப என்பதால் அவர்கள் காதுக்கு மூன்றாவதாகத்தான் படுகிறது. 'தல்' என்பதும் இப்படியே: நிலா, முகமூடி, மகள். ஆசிரியை ஒரு துண்டுக் காகிதத்தை என் உதட்டுக்கு முன்னால் பிடித்து "இது ஆடணும்" என்றார். ஆடவில்லை. ஓங்கி ஊதினேன், காகிதம் பறந்தது, முன்பெஞ்சுப் பெண் கர்சீப்பை எடுத்தாள். ஆக, இரண்டு மொழிக்கும் பொதுவென்று நாம் மேடை போட்டுச் சொல்கிற சொல்லையே கொரியாவில் போய்ச் சொன்னால் புரியாது.

இந்த உறவுக் கதையை ஆரம்பித்தது நாமும் இல்லை. 1886-இல் கொரியாவுக்கு ஆசிரியராகப் போன ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. அப்பா, அம்மா போன்ற சொற்கள் உலகம் முழுக்கக் குழந்தைகள் வாயில் வருபவை. அயுத்த நாட்டிலிருந்து கடல் கடந்து போய் கொரிய மன்னனை மணந்த இளவரசி கதையும் அப்படித்தான். 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சம்குக் யூசா' என்ற கொரிய நூலில் அது இருக்கிறது. அந்த ஊர் அயோத்தி என்று அங்கே நினைவுச்சின்னம் வைத்துவிட்டார்கள். இல்லை, குமரிப் பக்கத்து ஆய் நாடு என்று நம்மவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். இளவரசி எந்த ஊராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சுவாரஸ்யம் வேறு இடத்தில்.

வகுப்பில் மூன்றாம் மாதம். 'நான் நேற்று நண்பனோடு விழுப்புரத்தில் பரோட்டாவைச் சாப்பிட்டேன்' என்று சொல்லப் பார்த்தேன். 'நா-நுன் ஒஜே சிங்கு-வா விழுப்புரம்-எசோ பரோட்டா-ருல் மொகொஸ்ஸொயோ.' ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஓடு என்கிற இடத்தில் வா, இல் என்கிற இடத்தில் எசோ, ஐ என்கிற இடத்தில் ருல். தமிழ் வாக்கியத்தைத் தண்டவாளத்திலிருந்து இறக்காமல் பெட்டிகளை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஜப்பானியம், துருக்கி மொழிகளும் இப்படித்தான் என்பதால் இதை வைத்து ரத்த உறவு கொண்டாட முடியாது. ஆனால் படிக்கிறவனுக்கு ரத்த உறவு எதற்கு? வினைமுற்றில் தேன், தாய், தான் என்கிற தொல்லையும் அவர்களுக்கு இல்லை. நான் சாப்பிட்டாலும் அவன் சாப்பிட்டாலும் ஒரே மொகொஸ்ஸொயோ.

என்னை அசரவைத்தது ஒரு சின்னத் துணைவினை. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "இத கொஞ்சம் சாப்ட்டுப் பாருங்க" என்போம். சாப்பிடுவது வாய், பார்ப்பது கண். இந்த 'பார்' எங்கிருந்து வந்தது என்று நாம் யோசித்ததே கிடையாது. கொரியர்கள் சொல்வது 'மொகோ பொசேயோ'. மொகோ என்றால் சாப்பிட்டு, பொசேயோ என்றால் பாருங்க. சட்டையைப் போட்டுப் பார், கேட்டுப் பார், போய்ப் பார், எல்லாம் அப்படியே. செய்து கொடு என்பதும் உண்டு. சாப்பிட்டு'விட்டேன்' என்பதற்கு அவர்கள் சாப்பிட்டு'எறிந்தேன்' என்கிற மாதிரிச் சொல்வார்கள். "தின்னுபோட்டான்" என்று நம் பாட்டிகள் சொல்வதில்லையா, அது.

பிறகு இந்த 'எங்க'. ஒரே பிள்ளையாகப் பிறந்தவனும் நம் ஊரில் 'எங்க அம்மா' என்றுதான் சொல்வான். தனியாகக் குடியிருப்பவனும் 'எங்க வீடு' என்பான். மனைவிகள் 'எங்க வீட்டுக்காரர்' என்பார்கள். இதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் சிரிப்பார்கள். கொரியாவில் 'உரி' என்றால் எங்கள், நம். உரி ஒம்மா, உரி வீடு, கட்டிய கணவனைக்கூட உரி புருஷன் என்பதுதான் அங்கே வழக்கம். இதை ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார், வெளிநாட்டவருக்கு விநோதமாக இருக்குமே என்று. வகுப்பில் யாருக்கும் விநோதமாக இல்லை.

ஆனால் வட தமிழ்நாட்டுக்குக் கொரியன் முதலில் வந்தது பாட்டு, சீரியல் வழியாக இல்லை. ஷிஃப்ட் வழியாக. ஹூண்டாய் 1996-இல் இந்தியாவில் கம்பெனியைப் பதிவு செய்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து, 1998-இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங். ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த நம் மாவட்டத்துப் பையன்கள் அந்தப் பக்கம் போய் ரூம் எடுத்துத் தங்கினார்கள். ஐந்து பேருக்கு ஒரு ரூம், ஒரு குக்கர்.

அப்படிப் போன ஒருவர் இப்போது திண்டிவனத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லைனில் நிற்கும்போது, பின்னாலிருந்து கொரிய அதிகாரி "பல்லி! பல்லி!" என்று கத்தியிருக்கிறார். இவர் சுவரைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் தலைமேல் விழுந்துவிட்டதோ என்று சட்டையை உதறியிருக்கிறார். தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று வேறு கவலை. கொரிய மொழியில் 'பல்லி' என்றால் சீக்கிரம். கதையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கொரிய மேலாளரிடம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் சொல் இதுதான். கொரியப் போருக்குப் பிறகு ஒரு தலைமுறைக்குள் ஏழை நாட்டைப் பணக்கார நாடாக்கிய அவசரம் அந்தச் சொல்லில் இருக்கிறது என்று கொரியர்களே பெருமையாகவும் கிண்டலாகவும் சொல்லிக்கொள்வார்கள். கேட்கிற இடத்தில் நிற்பவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. முக்கியக் கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அதே நிறுவனம் தாய்நாட்டில் 'சங்கம் இல்லாத நிர்வாகம்' என்ற கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்ததே 2020-இல்தான். கொரியப் பண்பாடு என்று கட்டுரை எழுதுகிறவர்கள் கிம்ச்சியோடு நிறுத்திவிடுகிறோம். இதுவும் அதில் சேர்த்திதான்.

சீரியல் அலை அப்புறம் வந்தது. 2013-இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் டப் செய்து போட்டது. அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள் கொரோனா காலத்தில் செல்போனில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமிகள் மூன்று பேர் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவைப் பார்க்க சியோலுக்குக் கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதாகத் திட்டம். கையில் 14,000 ரூபாய். காட்பாடி ஸ்டேஷனில் கண்டுபிடித்து மீட்டார்கள்.

தொடர் பார்த்து மொழி கற்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. கதாபாத்திரங்கள் காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், நண்பர்களைத் திட்டுகிறார்கள். ஆகவே நாம் கற்பதெல்லாம் வா, போ, ஏய் மட்டும்தான். நம் சினிமாவைப் பார்த்துத் தமிழ் படித்த வெளிநாட்டுக்காரர் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்குள் போய் "இன்னாடா" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? ஒலக்கூர்ப் பெண்ணும் பேச வாய்ப்புக் கிடைத்த முதல் கொரியப் பெரியவரிடம் 'யோ' சேர்க்காமல் பேசிவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து இரண்டு நாள் தூங்கவில்லையாம். வினைச்சொல்லின் கடைசியில் 'யோ' வந்தால் நம்முடைய 'ங்க'. வா என்பதற்கும் வாங்க என்பதற்கும் உள்ள தூரம். அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன.

யாருக்கு எந்தப் படி என்று தெரிய வயது தெரிய வேண்டும். அதனால் அறிமுகமான ஐந்தாம் நிமிடம் வயதைக் கேட்டுவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் வயது, சம்பளம், பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்துப் பழகிய நமக்கு என்ன வந்தது? அங்கே பிறந்த உடனே ஒரு வயது என்றும், ஜனவரி ஒன்றாம் தேதி எல்லோருக்கும் ஒரு வயது கூடும் என்றும் கணக்கு இருந்தது. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலக வழக்கத்துக்கு மாறிவிட்டார்கள். பேச்சில் பழைய கணக்கு உடனே போய்விடுமா என்ன.

அண்ணன், அக்கா என்று ஊரையே கூப்பிடுவதும் நம் மாதிரிதான், ஆனால் ஒரு முடிச்சு. அண்ணனை ஆண் கூப்பிட்டால் 'ஹ்யோங்', பெண் கூப்பிட்டால் 'ஒப்பா'. வகுப்பில் ஒரு பையன் சீரியல் ஞாபகத்தில் இன்னொரு பையனை ஒப்பா என்று கூப்பிட, ஆசிரியை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் அந்தப் பெண்ணை 'எழுதினாள்' என்று எழுதினேன். 'எழுதினார்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கும் உறுத்துகிறது. கொரியன் படிக்கப் போனதில் தமிழுக்கு வந்த உறுத்தல்.

ஒரு சின்ன விலகல். விழுப்புரத்திலிருந்து கடலூர் போகிற ரயிலில் பண்ருட்டி தாண்டினால் நெல்லிக்குப்பம். அங்கே செய்த பாரி மிட்டாயைத் தின்று வளர்ந்தது பழைய தென்னாற்காடு மாவட்டம். 2004-இல் அந்த மிட்டாய்க் கம்பெனியை லோட்டே வாங்கிவிட்டது. லோட்டே, கொரியாவில் பிறந்த ஒருவர் 1948-இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். ஜெர்மானியக் கவிஞர் கதேயின் நாவல் நாயகி பெயரை அதற்கு வைத்தார். பி.டி.எஸ். என்றால் என்னவென்று கேட்கிற தாத்தாவும் பஸ்ஸில் காபி பைட் மிட்டாயைச் சப்பிக்கொண்டுதான் கேட்கிறார்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் கொரியாவோடு உள்ள வேலை அனுமதி ஒப்பந்தத்தில், மொழித் தேர்வு எழுதித் தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் போகிறார்கள். அந்த ஏற்பாடு தொடங்கிய 2004-லிருந்து இந்தியா அதில் இல்லை. அதனால் இங்கிருந்து அங்கே போன தமிழர்களில் ஆராய்ச்சிக்குப் போனவர்கள் நிறையப் பேர்: வேதியியல், இயற்பியல், பேட்டரி. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தேஜோன் நகரத்துக்குப் போய் நான்கு வருடம் இருந்து திரும்பிய ஒருவரிடம் ஒரு சாயந்திரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"முதல்ல மனசு ஒட்டுனது தரையிலதான்" என்றார். அங்கே வீட்டுத் தரைக்குக் கீழே சூடு ஓடும். செருப்பை வாசலில் விட்டு, தரையில் உட்கார்ந்து, தரையிலேயே படுத்துத் தூங்கலாம். வெளியே பனி, உள்ளே சித்திரை மாதத் திண்ணை. அடுத்தது சோறு. "இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ரைஸ். அவங்ககிட்ட நெல்லுக்கு ஒரு பேரு, அரிசிக்கு ஒரு பேரு, சோத்துக்கு ஒரு பேரு. நாத்துக்கும் தனிப் பேரு. எங்கப்பா வீடியோ கால்ல கேட்டுட்டு, அப்ப விவசாயக் குடும்பம்தான்டா அவங்கன்னாரு." சோற்றுக்கு 'பாப்'. சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். யாரைப் பார்த்தாலும் 'பாப் மொகொஸ்ஸொயோ', அதாவது சோறு சாப்பிட்டீங்களா. முதல் மாதம் இவர் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டேன் என்று பட்டியல் சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் புரிந்தது, நம் ஊரைப் போல அதற்குச் "சாப்ட்டேங்க" என்றால் போதும்.

பட்ட பாடும் உண்டு. குப்பை போடக் கடையில் காசு கொடுத்து அதற்கென்று உள்ள பையை வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கழிவு தனி. ஒருநாள் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கை எந்தப் பையில் போகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சோற்றில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி வைத்ததும் பக்கத்தில் இருந்தவர் பதறி எடுத்திருக்கிறார். அது இறந்தவருக்குப் படைக்கிற முறை. பஸ்ஸில் குழந்தைகள் இவரைப் பார்த்து 'வேகுகின்' என்று அம்மாவிடம் கிசுகிசுக்கும். வெளி, நாடு, ஆள், அதே வரிசையில். "அன்யோங் ஹசேயோன்னு வணக்கம் சொன்னாலே, ஆஹா என்னமா கொரியன் பேசறீங்கன்னு பாராட்டுவாங்க. மூணு வருஷம் கழிச்சு நெஜமாவே நல்லாப் பேச வந்தப்ப ஒருத்தரும் பாராட்டல. பேங்க்ல நான் கொரியன்ல கேட்டா, அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டு இங்கிலீஷ்ல பதில் சொல்லும். நான் கொரியன்ல கேக்க, அது இங்கிலீஷ்ல சொல்ல. ரெண்டு பேருக்குமே அவங்கவங்க படிச்சது வீணாப் போகக் கூடாதுல்ல."

இது எனக்கு நினைவுக்கு வந்தது போன மாதம், திண்டிவனத்தில் புதுச்சேரி ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில். ஞாயிற்றுக்கிழமை. சென்னைப் பக்கத்திலிருந்து புதுச்சேரி போகிற கார் ஒன்று நின்றது. இறங்கியவர் கொரியர், நாற்பது வயதிருக்கும். நேராக மாஸ்டரிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு டீ. சக்கர கம்மி."

தெளிவான தமிழ். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "வித்தவுட் சுகர் சார்?"

"இல்லண்ணே, கம்மி."

"ஓகே சார். லெஸ் சுகர். டூ மினிட்ஸ்."

ஆறு மாதப் படிப்பைக் காட்ட இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது. பக்கத்தில் போய், லேசாகத் தலை குனிந்து, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். என் 'ப' மறுபடி இறுகிவிட்டது போலும். கொஞ்சம் தளர்த்தி இன்னொரு தரம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"சாப்ட்டேங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு இருபது வருஷமாக டீ போடுகிறவர். டீயை ஆற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"யூ ஆல்சோ டீ, சார்?"